எதையும் வேண்டாதவரிடம் எதை வேண்டுவது?

வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில் கீழக்குயில்குடிச் சமணர் மலையைப் பற்றிப் பேச்சோடு பேச்சாக ஒரு வரி எழுதியிருந்தேன். "அங்கே பாறையில் அமர்ந்திருப்பவர் வரம் கொடுப்பவர் அல்லர்" என்று. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைகளின் படிப்பு, இலக்கணச் சந்தேகங்கள் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இம்முறை பக்கம் முழுவதையும் மலையடிவாரத்துக் கேள்விகளுக்கே கொடுக்கிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் சமணக் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. மீனாட்சி கோயில் குங்குமத்தோடு வளர்ந்தவள். தமிழாசிரியையாக இருந்த காலத்தில் என்னோடு பணியாற்றிய, வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணரான நயினார் குடும்பத்து ஆசிரியை ஒருவர்தான் எனக்கு இந்த வாசலைத் திறந்துவிட்டார். மாலை ஐந்தரை மணிக்கே டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார். பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் உண்ணமாட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். அந்தப் பேச்சு பத்து ஆண்டுகள் ஓடியது. இங்கே சொல்வதில் பாதி அவரிடம் கேட்டது. மீதி, படித்ததும் மலைகளில் ஏறிப் பார்த்ததும்.

திருநகரிலிருந்து ஒரு வாசகி: ஏழு வயதுப் பேத்தியைச் சமணர் மலைச் செட்டிப்புடவுக்கு அழைத்துப் போனேன். "பாட்டி, இந்தச் சாமி கையில் ஒன்றுமே இல்லையே, இது என்ன கொடுக்கும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் யார்? அவருக்கு என்ன கிடைத்தது என்று வணங்குகிறார்கள்?

உங்கள் பேத்தி சரியாகப் பார்த்திருக்கிறாள், அம்மா. நாம் கும்பிட்டுப் பழகிய சாமிகளின் கையில் வேல் இருக்கும், சூலம் இருக்கும், கிளி இருக்கும். ஒன்றும் இல்லாவிட்டால் 'அஞ்சாதே' என்று உயர்த்திய உள்ளங்கையாவது இருக்கும். செட்டிப்புடவில் அமர்ந்திருப்பவருக்கு மேலே முக்குடை உண்டு, இரு பக்கமும் சாமரம் வீசுவோர் உண்டு. இவ்வளவு அரச மரியாதைக்கு நடுவே அவருடைய இரண்டு கைகளும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக மல்லாந்து கிடக்கின்றன. 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிற்பம். தொங்கும் காதுகளைப் பார்த்து ஊரார் அவரைச் செட்டியார் என்று அழைத்தார்கள். குகையைக் குறிக்கும் 'புடவு' என்னும் சொல்லும் சேர்ந்து செட்டிப்புடவு ஆயிற்று.

பழந்தமிழ் அவரை அருகன் என்கிறது. அவருக்கு வீதராகன் என்றும் ஒரு பெயர் உண்டு. ராகம், அதாவது பற்று, நீங்கியவன் என்று பொருள். பற்று போன இடத்தில் வெறுப்பும் நிற்காது. வள்ளுவர் நான்காம் குறளில் 'வேண்டுதல் வேண்டாமை இலான்' என்கிறார். ஒவ்வொரு சமயத்தாரும் அதில் தம் இறைவனைக் காண்கிறார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் வீதராகன் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை.

பேத்திக்கு எப்படிச் சொல்வது என்றுதானே கேட்கிறீர்கள்? அடுத்த முறை போகும்போது, மலை ஏறுவதற்கு முன் அடிவாரத்து ஐயனார் கோயில் பக்கம் நிற்கும் ஆலமரத்தடிக்கு அழைத்துப் போங்கள். தாழ்ந்த கிளையில் ஓர் இலையைக் கிள்ளிக் கொடுங்கள். காம்பில் வெள்ளையாகப் பால் துளிர்க்கும். அதை ஒரு விரலில் தொட்டு, அந்த விரலை மண்ணில் வைக்கச் சொல்லுங்கள். மண் அப்பிக்கொள்ளும், ஊதினாலும் போகாது, பாவாடையில் துடைத்தாலும் முழுதாகப் போகாது. பால் படாத விரலை அதே மண்ணில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரு தட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும்.

சமண ஆசிரியர்கள் உயிரின்மேல் வினை ஒட்டுவதை இப்படித்தான் விளக்குகிறார்கள். வினை என்பது அவர்களுக்கு வெறும் பாவ புண்ணியக் கணக்கு அல்ல. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். அதை உயிரோடு ஒட்டவைக்கும் பசை நான்கு: கோபம், மானம் என்னும் செருக்கு, மாயை என்னும் வஞ்சகம், லோபம் என்னும் பேராசை. ஆல் முதலிய மரங்களின் துவர்ப்புச் சாறு ஒட்டவைப்பதுபோல் இவை ஒட்டவைப்பதால், இவற்றுக்குக் 'கஷாயம்' என்றே பெயர் வைத்தார்கள். "இந்தச் சாமி விரலில் பால் இல்லை, அதனால் அவர்மேல் எதுவும் ஒட்டாது" என்று பேத்தியிடம் சொல்லுங்கள். ஏழு வயதுக்கு அது போதும்.

உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். வினைகள் எட்டு. அவற்றில் நான்கு உயிரின் இயல்பையே மூடுபவை: அறிவை மறைப்பது, காட்சியை மறைப்பது, ஆற்றலுக்குக் குறுக்கே நிற்பது, மயக்குவது. இவற்றைக் காதி வினைகள் என்பார்கள். முதலில் விழுவது மயக்கும் வினையான மோகனீயம். அது வேரோடு போனபிறகுதான் மற்ற மூன்றும் ஒருசேர விலகிக் கேவல ஞானம், அதாவது முழுதுணர் அறிவு, வெளிப்படுகிறது. இந்த வரிசைதான் என்னை மிகவும் பிடித்து நிறுத்தியது. நிறையக் கற்று, அதன் பயனாக ஆசை போய், ஒருவர் அருகன் ஆவதில்லை. மயக்கம் போகிறது, ஏற்கெனவே உள்ளே இருந்த அறிவு தெரிகிறது. தொல்காப்பியத்தில் 'வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன்' என்று வருகிறது. அது அருகனையே குறிக்கும் என்பது சமணர் கொள்கை. வேறு பொருள் கொண்டவர்களும் உண்டு. யாரைக் குறித்தாலும், 'நீங்கி' என்ற சொல் முன்னால் நிற்கிறது, 'விளங்கிய' என்பது அதற்குப் பின்னால்தான் வருகிறது. எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் ஒப்பிக்கவைத்த வரி. சொற்களின் வரிசையை நான் கவனித்தது பணி ஓய்வுக்குப்பின், அந்த மலையிலிருந்து இறங்கி வரும்போது.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகர்: எனக்கு முன்கோபம் அதிகம். ஆறு மாதமாகத் தியானம் செய்து அடக்கிவைத்திருக்கிறேன். இப்படியே அடக்கிக்கொண்டு போனால் ஒருநாள் கோபமே இல்லாதவனாக ஆகிவிடலாமா?

ஆறு மாதம் அடக்கியது சிறிய காரியம் இல்லை, ஐயா. ஆனால் அடக்குவதும் அழிப்பதும் சமண நூல்களில் இரண்டு தனித்தனி ஏணிகள்.

என் பாட்டி வீடு சோழவந்தான் பக்கம். வைகையில் புதுவெள்ளம் வரும்போது குடத்து நீர் செம்மண் கரைசலாக இருக்கும். பாட்டி மாடக்குழியிலிருந்து தேற்றாங்கொட்டையை எடுத்து, மண்பானையின் உட்புறத்தில் நாலைந்து சுற்று உரைப்பார். பிறகு நீரை ஊற்றி மூடிவைத்துவிடுவார். காலையில் திறந்தால், பானைக்குள் ஒரு காசைப் போட்டால்கூட எழுத்துத் தெரியும், அவ்வளவு தெளிவு. "ஆட்டாமல் மேலோடு மொண்டு எடு" என்பார். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் செம்பை அடிவரை விட்டுவிட்டேன். இரவெல்லாம் தெளிந்த நீர் கண்ணிமைக்கும் நேரத்தில் பழையபடி செம்மண்ணாயிற்று. பாட்டி திட்டவில்லை. மறுநாளிலிருந்து, விடிந்ததும் தெளிந்த நீரை வேறு பானைக்கு வடித்துவைக்கத் தொடங்கினார்.

பல ஆண்டுகள் கழித்து, சமண நூலில் இதே தேற்றாங்கொட்டையைப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. உயிர் ஏறும் படிகள் 14, குணஸ்தானம் என்பார்கள். கஷாயங்களை அமுக்கிக்கொண்டு ஏறுபவர் 11ஆம் படிவரை வருவார். அங்கே அவர் மனம் சேறு அடியில் படிந்த நீர்போல் முழுத் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவு ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடங்கள்கூட நிலைக்காது. அடியில் இருப்பது எழும். அவர் இறங்கியே தீரவேண்டும். அழித்துக்கொண்டு ஏறுபவர் அந்த 11ஆம் படியை மிதிப்பதே இல்லை. 10இலிருந்து நேரே 12க்குப் போய்விடுகிறார். அதற்கு நூல் சொல்லும் உவமை, தெளிந்த நீரை வேறு கலத்துக்கு மாற்றியது. அவருக்கு இனிக் கலங்கச் சேறு இல்லை. 13ஆம் படியில் அவர் கேவல ஞானம் பெற்ற கேவலி.

இன்னொன்று. 10ஆம் படிவரை விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பது எது என்று நினைக்கிறீர்கள்? கோபம் இல்லை. கோபமும் செருக்கும் வஞ்சகமும் அதற்கு முன்பே போய்விடுகின்றன. இழைபோல் மெலிந்த லோபம் ஒன்றுதான் கடைசியில் மிஞ்சுகிறது. ஆகவே உங்கள் கோபத்தோடு மட்டும் மல்லுக்கட்டாதீர்கள். கோபம் வந்த ஒவ்வொரு முறையும் எது கைநழுவிப் போகிறதே என்று பதறினீர்கள் என்று பாருங்கள். பணமோ, மரியாதையோ, பிள்ளை உங்கள் சொல் கேட்க வேண்டும் என்பதோ, ஏதோ ஒன்று அடியில் கிடக்கும். தியானத்தை விட்டுவிடாதீர்கள். நீர் தெளிந்திருக்கும்போதுதான் அடியில் கிடப்பது கண்ணுக்குத் தெரியும்.

மேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: மகாவீரர் முதலான 24 தீர்த்தங்கரர்கள் மட்டும்தானே அருகர்கள்?

இல்லை, மகளே. தீர்த்தங்கரர்கள் எல்லாரும் கேவல ஞானிகள். கேவல ஞானிகள் எல்லாரும் தீர்த்தங்கரர்கள் அல்லர். பிறர் கடக்கத் துறை கட்டிக்கொடுப்பவர் தீர்த்தங்கரர். அதற்குத் தனிப் புண்ணியம் வேண்டும். கடந்தவர்கள் எண்ணற்றவர்கள். அறிவிலும் பற்றின்மையிலும் தீர்த்தங்கரருக்கும் மற்றக் கேவல ஞானிகளுக்கும் ஒரு மயிரிழை வேறுபாடுகூட இல்லை.

சமணர் மலையின் பேச்சிப்பள்ளத்துக்குப் போனால் நீயே பார்க்கலாம். சுனைக்குப் பக்கத்துப் பாறையில் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். தலைக்குமேல் பாம்புப் படம் விரித்திருப்பவர் பார்சுவநாதர், 23ஆம் தீர்த்தங்கரர். அதே வரிசையில் பாகுபலியும் நிற்கிறார். அவர் தீர்த்தங்கரர் இல்லை. அண்ணன் பரதனோடு போரிட்டு வென்று, வென்ற கணத்திலேயே எல்லாவற்றையும் துறந்து, கொடி படர ஓராண்டு அசையாமல் நின்றவர். அவ்வளவு நின்றும் ஞானம் வரவில்லை. 'நான் நிற்பது பரதனுடைய மண்' என்ற ஒரு முள் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது என்பது சமணத்தின் இரு பிரிவுகளில் ஒன்றான திகம்பரர் வழக்கு. மற்றப் பிரிவினரான சுவேதாம்பரர் சொல்லும் கதையில் அவருடைய சகோதரிகள் பிராமியும் சுந்தரியும் வந்து, "யானையை விட்டு இறங்கு" என்கிறார்கள். தரையில் நிற்பவருக்கு ஏது யானை? செருக்கைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்து, தமக்கு முன்பே துறவு பூண்ட தம்பிமாரை வணங்கக் காலெடுத்து வைத்த அந்த நொடியில் ஞானம் வந்தது.

பசுமலையிலிருந்து ஒருவர்: கேவல ஞானி சாப்பிடுவாரா?

இதில் சமணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. பசியும் தாகமும் அவரைத் தொடா; ஆகவே உண்பதில்லை என்பது திகம்பரர் கொள்கை. தமிழ்ச் சமணர்கள் இந்த மரபினர். உடலைத் தாங்கும் வினைகள் மிச்சம் இருப்பதால் உண்பார், ஆனால் சுவையில் பற்று இராது என்பது சுவேதாம்பரர் கொள்கை. இரு தரப்பும் ஆண்டாண்டு காலம் வாதிட்டிருக்கிறார்கள்.

ஊர்ப்பெயர் வேண்டாம் என்று எழுதியுள்ள ஒரு வாசகி: ஆசை இல்லை, பற்று இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் அன்பும் இல்லாதவரா? என் மகனை இழந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. பற்று விடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். அன்பில்லாத ஞானம் எனக்கு எதற்கு?

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் கணவர் போன ஆண்டில் இதே கேள்வியை நானும் அந்த நயினார் ஆசிரியையிடம் கேட்டேன், ஏறக்குறைய இதே கோபத்தோடு. அவர் பதிலாக ஒரு கதை சொன்னார். சுவேதாம்பர மரபில் வருவது.

மகாவீரரின் முதல் சீடர் இந்திரபூதி கௌதமர். பெரிய கல்விமான். அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் கேவல ஞானம் கிடைத்தது. அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. காரணம், குருவின்மேல் அவர் வைத்திருந்த பாசம். பாவாபுரியில் தம் இறுதி நாளில் மகாவீரர் அவரைப் பக்கத்து ஊருக்கு ஒருவருக்கு உபதேசம் செய்யச் சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பி வருவதற்குள் குரு இல்லை. கௌதமர் அழுதார். "கடைசி நேரத்தில் என்னை ஏன் தள்ளிவைத்தீர்?" என்று குழந்தைபோல் புலம்பினார். அந்த அழுகையின் நடுவேதான் அவருக்குப் புரிந்தது. குரு தம்மைப் பிரித்ததில்லை. பிரிவு தம் பிடியில் இருந்தது. விடிவதற்குள் அவர் கேவல ஞானி ஆனார்.

"அவர் அழுததை யாரும் குறை சொல்லவில்லை, பாருங்கள்" என்றார் அந்த ஆசிரியை. எனக்கு அன்று ஆறுதல் தந்தது அந்த ஒரு வாக்கியம்தான். ஆகவே உங்களிடம் பற்று விடு என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றரை ஆண்டில் அதைச் சொல்பவர்கள் பற்றையும் அறியார், விடுதலையும் அறியார்.

அன்பில்லாத ஞானமா என்பதற்கு வருகிறேன். மகாவீரருக்கு 42 வயதில் ஞானம் கிடைத்தது. 72 வயதில் நிர்வாணம், அதாவது வீடுபேறு. நடுவில் 30 ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து எறும்பையும் புல்லையும்கூட நோகடிக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தமக்கென்று ஒன்றும் வேண்டாதவருக்கு அந்த நடை எதற்கு? முற்பிறவிகளில் எல்லா உயிரும் உய்ய வேண்டும் என்று உருகியதன் பயன் அவரைப் பேசவைத்தது என்று நூல்கள் சொல்கின்றன. மழை இந்தக் கொல்லை, அந்தக் கொல்லை என்று பார்க்காது. 'என்னுடையவன்' என்ற எல்லை போனபின் மிஞ்சியிருப்பதை அன்பு என்று சொல்லலாமா, வேறு பெயர் வேண்டுமா, எனக்கு இன்றும் துணிவில்லை. அது இல்லாமை அல்ல என்பதில் மட்டும் எனக்கு ஐயம் இல்லை. உங்கள் மகனைப் பற்றி இன்னும் எழுத வேண்டும் போலிருந்தால் எழுதுங்கள். அச்சில் வராது, நான் படிப்பேன்.

செக்கானூரணியிலிருந்து ஒரு வாசகர்: கேட்டதைக் கொடுக்காதவருக்குச் சிலை எதற்கு, வழிபாடு எதற்கு?

இதற்குப் பேச்சிப்பள்ளத்துப் பாறையே பதில் சொல்கிறது. அங்கே ஒரு சிற்பத்தின் கீழ் வட்டெழுத்தில் இப்படி இருக்கிறது: 'ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி'. அச்சணந்தி மதுரைச் சுற்றுவட்டார மலைகளில் பல திருமேனிகளைச் செய்வித்த சமணத் துறவி. ஆனைமலை, அழகர்மலை, கொங்கர்புளியங்குளம் என்று அவர் பெயர் போகுமிடமெல்லாம் வருகிறது. வீட்டை விட்டுப் போன மகன். அந்த மகனின் தாய், மகன் யாரைத் தேடிப் போனானோ அவருடைய உருவத்தைத் தாமும் ஒன்று செய்வித்திருக்கிறார். நோய் தீர வேண்டும், வயல் விளைய வேண்டும், மகன் திரும்பி வர வேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லை. பெயர், உறவு, 'செய்வித்த திருமேனி'. அவ்வளவுதான் எழுத்து.

சமணர்களின் அடிப்படை நூலான தத்துவார்த்த சூத்திரத்தோடு ஓதப்படும் வாழ்த்து ஒன்று உண்டு. வீடுபேற்று நெறிக்குத் தலைவன், வினை என்னும் மலைகளைப் பிளந்தவன், எல்லாப் பொருளின் உண்மையையும் அறிந்தவன், 'அந்தக் குணங்கள் எனக்கும் வாய்க்க வணங்குகிறேன்' என்பது அதன் பொருள். வழிபாட்டின் பயன் அந்தக் கடைசி அடியில் இருக்கிறது. அவரிடமிருந்து எதுவும் புறப்பட்டு நம்மிடம் வருவதில்லை. பார்க்கப் பார்க்க நம் பசை கொஞ்சம் உலர்கிறது. மதுரைக்கு வரும் வழியில் சமணத் துறவியான கவுந்தியடிகள், 'ஒருமூன்று அவித்தோன் ஓதிய ஞானத் திருமொழிக்கு அல்லது என் செவியகம் திறவா' என்று உருகுகிறாரே, சிலப்பதிகாரத்தில்! காமம், வெகுளி, மயக்கம் என்ற மூன்றையும் அவித்தவன். அந்தப் பகுதி முழுவதும் படித்துப் பாருங்கள். அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து ஓர் இளைஞர்: மலைச் சிற்பங்களின்மேல் பெயர்களைக் கிறுக்கியிருக்கிறார்கள், எண்ணெய் பூசுகிறார்கள். விருப்பு வெறுப்பு இல்லாதவருக்கு அது உறைக்காது என்றால் நமக்கு மட்டும் ஏன் உறைக்க வேண்டும்?

தம்பி, அதே பேச்சிப்பள்ளத்துப் பார்சுவநாதரை இன்னொரு முறை போய்ப் பார். கமடன் என்ற பகைவன் அவர் தவத்தைக் குலைக்கப் பெருமழையைப் பெய்வித்தான். தரணேந்திரன் என்னும் நாகராசன் தன் படத்தை விரித்துக் காத்தான். அடித்தவனையும் காத்தவனையும் அவர் ஒரே மனத்தோடு பார்த்தார் என்று சமணப் புலவர்கள் பாடுகிறார்கள். ஆனால் தரணேந்திரன், 'அவருக்குத்தான் ஒன்றும் உறைக்காதே' என்று படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடவில்லை. சமநிலை அவருடையது. காக்கும் வேலை நம்முடையது.

அரிட்டாபட்டியில் அச்சணந்தி செய்வித்த திருமேனியின் கீழ், பாதிரிக்குடியார் 'ரக்ஷை' என்று பொறித்திருக்கிறார்கள். இந்த உருவம் இன்ன ஊராரின் காவலில் இருக்கிறது என்று கல்லில் எழுதிவைத்த ஒப்படைப்பு அது. அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் என்ற பேச்சு வந்தபோது சுற்றுவட்டார மக்கள் திரண்டு நின்றார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. நீ மலைக்குப் போகும்போது ஆணியும் சுண்ணாம்பும் எடுத்து வருகிறவர்களிடம் நின்று பேசு. எண்ணெய் ஊற்றுகிறவர்களிடம் இன்னும் பொறுமையாகப் பேசு. அவர்கள் பக்தியில் செய்கிறார்கள். அவர்களுக்குச் சுனை நீரும் பூவும் போதும் என்று சொன்னால் கேட்பார்கள். நான் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்: இந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் போய்ப் பார்க்க ஆசை.

இல்லை, ஐயா. சமணர்களே இல்லை என்றுதான் சொல்கிறார்கள். நாம் வாழும் உலகப் பகுதியில் கடைசியாகக் கேவல ஞானம் பெற்றவர் ஜம்புசுவாமி. மகாவீரருக்குப்பின் 62 ஆண்டுகளோடு அந்த வரிசை முடிந்தது என்பது திகம்பரர் கணக்கு. சுவேதாம்பரர் 64 என்பார்கள். மகாவீரர் நிர்வாணம் மரபுக் கணக்கில் கி.மு. 527. ஆக, கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. இந்த யுகத்தில், இந்த மண்ணில் இனித் திறக்காது. விதேக நாடு என்னும் வேறோர் உலகப் பகுதியில் இன்றும் தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை.

இது தெரிந்தபிறகு நான் மாங்குளத்துக்குப் போனேன். மேலூர்ப் பக்கம், மீனாட்சிபுரத்தை ஒட்டிய மலை. குகைத்தளங்களில் தமிழி என்னும் தமிழ் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரும், பள்ளி, அதாவது துறவியர் உறைவிடம், அமைத்துக் கொடுத்த கடலன் வழுதியின் பெயரும், பெற்றுக்கொண்ட துறவியான கணி நந்தாசிரியனின் பெயரும் வருகின்றன. வெள்ளறை நிகமத்து, அதாவது வணிகக் குழுவைச் சேர்ந்த, வணிகர்களும் கொடுத்திருக்கிறார்கள். கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் இவற்றைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று கணித்தார். அப்படியென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கதவு சாத்தி இருநூறு ஆண்டுகளுக்குமேல் ஆனபின் இங்கே வந்து படுத்தவர்கள் இவர்கள். சமணர் மலை, ஆனைமலை, திருப்பரங்குன்றம், கீழவளவு என்று மதுரையைச் சுற்றிக் கற்படுக்கை வெட்டிக்கொண்ட எவரும் அருகர் இல்லை. இந்தப் பிறவியில் ஆக முடியாது என்று அவர்கள் மரபே அவர்களுக்குச் சொல்லியிருந்தது. தெரிந்தே மலை ஏறினார்கள். தெரிந்தே ஒருவேளை உண்டு, கல்லில் படுத்து, எறும்புக்கு வழிவிட்டு நடந்தார்கள். ஆகவே போய்ப் பார்க்க ஆசை என்றால், ஐயா, இவர்கள் படுத்த இடத்தைப் போய்ப் பாருங்கள்.

கையில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். குகைக்குள் போகுமுன் அண்ணாந்து பார்த்தால், மழைநீர் உள்ளே வழியாமல் இருக்க நெற்றிப் பாறையில் வெட்டிய காடி தெரியும். உள்ளே படுக்கைகள் ஆள் நீளத்துக்கு, ஒன்றையொட்டி ஒன்று. நான் ஒரு படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். கல் வழுவழுவென்று இருந்தது. தலைமாட்டில் மட்டும் கை ஒரு சிறு மேட்டில் ஏறி நின்றது. தலை வைத்துக்கொள்ளக் கல்லிலேயே விட்டுச் செதுக்கிய திண்டு. வெளியே பாறை கொதித்துக்கொண்டிருந்த வேளை அது. அந்த இடம் குளிர்ந்திருந்தது.